கடலூர் முதுநகர் தாய்க்கு: உங்கள் மகள் கேட்பது கப்பல் வடிவமைப்புப் படிப்பு

அம்மா, "பெண்பிள்ளையை மாதக்கணக்கில் எப்படிக் கடலுக்கு அனுப்புவது?" என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள். கப்பலோடு போகிறவர்கள் மரைன் இன்ஜினீயரிங் (கப்பல் எந்திரங்களை இயக்குவது), நாட்டிகல் சயின்ஸ் (கப்பலைச் செலுத்துவது) படித்தவர்கள். உங்கள் மகள் கேட்பது நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு. அதைப் படித்தவருக்கு வேலை பெரும்பாலும் வடிவமைப்பு அலுவலகத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும்தான். விண்ணப்பத்தில் இந்தப் பெயர்களை மாற்றி நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக் கடலில் 2025-இல் வந்து நின்ற உல்லாசக் கப்பலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கப்பலும் அலையில் அதிருமா?" என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஆமாம், அதிரும். அலையின் முகடு கப்பலின் நடுவே வரும்போது இரு முனைகளும் கீழே வளைகின்றன. முனைகளில் முகடு வரும்போது நடுப்பகுதி தொய்கிறது. எஃகு உடல் பயணம் முழுவதும் இப்படி வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கிறது.

இதோடு முடிவதில்லை. உங்கள் கணவரின் ஃபைபர் படகு அலைமேல் ஏறி, அணியம் (முன்முனை) தண்ணீரில் அறையும்போது பலகை முழுவதும் நடுங்குமல்லவா? பயணிகள் கப்பலுக்கும் அந்த அடி விழுகிறது. முன்புறம் மேல்நோக்கி அகன்று விரிந்திருக்கும். பின்புறம் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். பின்னாலிருந்து வரும் அலை அந்தத் தட்டை அடிப்பகுதியில் மோதினால் அறையில் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார். எஃகு உடல் அதிர்வை எளிதில் அடக்காது என்பதால் ஒரே அடிக்குப் பலமுறை நடுங்கித்தான் ஓயும். அடியே இல்லாமலும், அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும் வேகம் கப்பல் இயல்பாக அதிரும் வேகத்தோடு ஒத்துப்போனால் நடுக்கம் நீடிக்கும். ஜன்னல், பால்கனி திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவியும். அதனால்தான் அந்த மூலைகளை வளைவாக வெட்டுகிறார்கள். அப்படியும் ஆண்டுக்கணக்கில் சேரும் உலோகக் களைப்பில் அங்கே நுண்விரிசல் தொடங்கலாம்.

ஆபத்து சின்னதல்ல. 2007 ஜனவரியில் எம்எஸ்சி நாபோலி என்ற சரக்குக் கப்பலின் உடல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் விரிசல்விட்டுப் பிளந்தது. அதிலிருந்த 26 பேரும் உயிர் தப்பினர். அலை அறைவதால் எழும் அதிர்வு அந்த உடல்மேல் எவ்வளவு சுமையைக் கூட்டியிருக்கும் என்பது விசாரணையில் முக்கியமான கேள்வியானது. இதைக் கணக்கிடுவதுதான் உங்கள் மகள் தேடும் தொழில்.

அவளுக்கு இது பொருந்துமா என்று தெரிய வேண்டுமானால், பிளஸ் ஒன் இயற்பியலில் 'அலைவுகள்' பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். ஒத்ததிர்வுக் கணக்குகளில் ஆர்வம் குறையவில்லை என்றால் தயங்காதீர்கள். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சென்னை ஐஐடியில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகமும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (குசாட்) தனித்தனி நுழைவுத்தேர்வு வைக்கின்றன. இடம் கிடைக்காவிட்டால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரியிலோ மெக்கானிக்கல் அல்லது சிவில் படித்துவிட்டு, கேட் தேர்வு எழுதி எம்.டெக்.-கில் இந்தத் துறைக்கு வரலாம். வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு ஆண்டுகள் படிக்கலாம் என்பதால் எனக்கு இந்த வழியும் பிடிக்கும்.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, பின்லாந்து நாடுகளில் கட்டப்படுகின்றன. இங்கே கொச்சிக் கப்பல் கட்டும் தளம் அந்தமானுக்காகப் பயணிகள் கப்பல்கள் கட்டியிருக்கிறது. ஆனாலும் முதல் வேலை போர்க்கப்பலிலோ சரக்குக் கப்பலிலோ அமையவே வாய்ப்பு அதிகம். கணக்கும் கருவியும் ஒன்றேதான்.

சீட் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட்டுக்கு உங்கள் கணவர் முன்பணம் கொடுக்கவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம், நிறுத்துங்கள். ஐஐடி, கடல்சார் பல்கலைக்கழகம், குசாட் ஆகிய மூன்று இடங்களிலும் அவளுடைய தேர்வு மதிப்பெண்தான் சீட்டைத் தீர்மானிக்கும். அந்தப் பணத்தில் அவளுக்குக் கணிதப் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள்.