வராதவர் வேறு, மாறியவர் வேறு

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஒரு சரித்திரத் தொடர்கதையின் ரசிகர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மாதம் படைப்புப் போட்டி நடத்துகிறோம். கதாபாத்திரங்களின் பெயரில் நான்கு அணிகள். கதை, கவிதை, ஓவியம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. சென்ற ஆண்டு எங்கள் அணியில் இருந்த 40 பேரில் 14 பேர்தான் இந்த ஆண்டும் எங்களோடு இருக்கிறார்கள். எதிர் அணியில் 50 பேரில் 25 பேர் நிலைத்துவிட்டார்கள். அதாவது எங்களுக்கு விசுவாசம் 35 சதவீதம், அவர்களுக்கு 50. அணி மாறியவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு ஒட்டவும், அடுத்த ஆண்டு அவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி போடவும் நினைக்கிறோம். கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். நாங்கள் செய்வது சரிதானே?
– ஓர் அணித் தலைவர், அம்பாசமுத்திரம்

பதில்: சரியில்லை. பட்டியலும் வேண்டாம், விதியும் வேண்டாம். நீங்கள் யார் மேல் கோபப்படுகிறீர்களோ அவர்களால் உங்கள் அணி இளைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய தாளிலேயே அது இருக்கிறது.

40 பேரில் 14 போக மீதி 26. இந்த 26 பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'விசுவாசம் இல்லாதவர்கள்' என்று எழுதிவிட்டீர்கள். பெயர் பெயராகப் பார்த்தேன். வேறு அணிக்குப் போனவர்கள் 9 பேர்தான். மற்ற 17 பேர் இந்த ஆண்டு எந்த அணியிலும் இல்லை, போட்டிக்கே வரவில்லை. எதிர் அணியில் வராதவர்கள் வெறும் 5 பேர். ஆனால் 20 பேர் அணி மாறியிருக்கிறார்கள்.

இப்போது வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் பழைய ஆட்களில் திரும்ப வந்தவர்கள் 23 பேர், அதில் 14 பேர் உங்களோடு. நூற்றுக்கு 61. அங்கே திரும்ப வந்த 45 பேரில் 25 பேர். நூற்றுக்கு 56. அணியை விடாமல் இருப்பதுதான் விசுவாசம் என்றால் உங்கள் ஆட்கள் ஒரு படி மேலேதான் நிற்கிறார்கள். இதை வைத்து மார்தட்டவும் வேண்டாம். உங்கள் 14 பேரில் ஒருவர் மாறியிருந்தால் 61 என்பது 57 ஆகிவிடும். இத்தனை சிறிய கூட்டத்தில் சதவீதத்தை நம்பி யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது.

ஆக, பார்க்க வேண்டியது அந்த 17 பேரை. சென்ற ஆண்டு உங்கள் அணி கொடுத்த 120 படைப்புகளில் 66, மூன்றே பேருடையவை. 12 பேர் பெயர் கொடுத்ததோடு சரி, ஒன்றுமே எழுதவில்லை, வரையவில்லை. அந்த 12 பேரில் 10 பேர் இந்த 17-க்குள் இருக்கிறார்கள். மீதி 7 பேரில் 5 பேர் சென்ற ஆண்டு பாளையங்கோட்டையில் கடைசி வருடம் படித்தவர்கள் என்று நீங்களே ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அவர்கள் இப்போது எந்த ஊரில் வேலை தேடுகிறார்களோ! போதாததற்குச் சென்ற ஆண்டு மே விடுமுறையில் நடந்த போட்டியை இந்த ஆண்டு ஆகஸ்டில் வைத்தீர்கள். மாணவர்கள் நிறைந்த அணிக்குத்தான் அது அடி. எதிர் அணியில் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு எந்த மாதமும் ஒன்றுதான்.

எனக்கு மனசு கனத்தது அந்த 10 பேரை நினைத்துத்தான். ஆசையோடு பெயர் கொடுத்து, ஒரு மாதம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று பேர் 66 படைப்புகளைக் கொட்டுகிற இடத்தில், முதல் தடவை பென்சில் எடுக்கிறவருக்குக் கை நடுங்காதா? அவர்களிடம் யாராவது பேசினீர்களா? உங்கள் தாளில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கு இல்லை.

நம் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டில் நடந்த 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பண்டிதர்கள் இல்லை. ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, எதிரே இருக்கிறவரையும் பாட்டுக்குள் இழுத்துக்கொள்வார். வந்தவரை ரசிகராக்குவது அழைத்தவருடைய வேலை என்று எடுத்துக்கொண்டவர் அவர்.

இன்னொன்று. படைப்பு கொடுக்காதவர் என்றால் சும்மா இருந்தவர் என்று முடிவு கட்டாதீர்கள். ஒன்றும் எழுதாத 12 பேரில் உங்களோடு நிலைத்த ஒரு அம்மா, மற்றவர்களின் கதைகளில் பிழை திருத்திக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நேரே புள்ளி பூஜ்யம். நெல்லையப்பர் ஆனித் தேரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கிறவர்கள் இல்லாமல் அந்தத் தேர் ரதவீதி முனை திரும்புமா? பேச்சில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அதுதான் தேரைத் தெருவில் வைத்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு புள்ளி முறை கண்டுபிடியுங்கள்.

சரி, மாறிய 9 பேர். இவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? உங்கள் அணிகளுக்குப் பாத்திரங்களின் பெயர். ஒரு நல்ல கதையை இரண்டாம் தடவை படிக்கும்போது, முதலில் கண்ணில் படாத ஒருவர் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் வீரனைப் பிடித்தவருக்கு அப்புறம் அவனிடம் தோற்றவனைப் பிடிக்கும். வாசிப்பு வளர்ந்தால் இப்படித்தான் நடக்கும். அதற்குத் தண்டனையா? உலகம் முழுக்க ஓவியர்கள் ஜூலை மாதத்தில் கலந்துகொள்கிற 'ஆர்ட் ஃபைட்' என்ற விளையாட்டு இருக்கிறது. இரண்டே அணி. எதிர் அணிக்காரர் உருவாக்கிய பாத்திரத்தை வரைந்து அவருக்கே பரிசாகக் கொடுப்பதுதான் அங்கே தாக்குதல், அதற்குத்தான் புள்ளி. அணிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023-இல் ஓநாய் மனிதர்களும் ரத்தக்காட்டேரிகளும், 2024-இல் கடல்நுரையும் விண்மீன் துகளும். பழைய அணியே இல்லாதபோது யார் யாருக்குத் துரோகி? ஆனாலும் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்களுடைய பற்று அந்த விளையாட்டின் மேல்.

உங்கள் 9 பேரும் அப்படித்தான், கதையை விட்டுப் போகவில்லை. அவர்கள் பெயரைச் சுவரில் ஒட்டினால் அடுத்த ஆண்டு வராதவர் கணக்கில் இன்னும் 9 பேர் ஏறுவார்கள், அவர்களைப் பார்த்துப் பயந்து பெயர் கொடுக்காதவர்கள் தனி. இது அம்பாசமுத்திரம். நாளைக்குக் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முதலில், ஒன்றும் எழுதாமல் வரையாமல் போய்விட்ட அந்த 10 பேர் வீட்டுக்கும் நேரில் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், கதையில் யாரைப் பிடிக்கும் என்று கேளுங்கள். அப்புறம் ஒரு கணக்கு எடுங்கள். சென்ற ஆண்டு முதல் படைப்பு கொடுத்த ஒவ்வொருவருக்கும், அதைப் பற்றி அணியில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நாள் ஆனது, ஒருவரும் சொல்லாமலே போனது எத்தனை பேருக்கு என்று. அந்தத் தாளையும் அனுப்பிவையுங்கள், வரும் இதழில் இதே பக்கத்தில் பேசுவோம்.