லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

பேங்க்ல லோன் செக்‌ஷன் பாத்து ரிட்டையர் ஆனவன். வீட்டு லோன், சின்ன தொழில் லோன் ரெண்டும் கேக்கலாம். ஆப்ல வாங்குற லோன் பத்தி வேணாம், எனக்கு அது தெரியாது.

ஹோம் லோன் குடுக்க முடியாதுன்னுட்டாங்க. கேட்டா "சிபில் சரியில்ல"னு வாய்வார்த்தையா சொல்றாங்க. வேற பேங்க்ல போடவா?

போடாதீங்க. முதல்ல காரணத்தை எழுத்துல வாங்குங்க, எந்த லோனா இருந்தாலும் தள்ளுனதுக்கு முக்கிய காரணத்தை எழுதிக் குடுக்கணும்னு 2007லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. அடுத்து கிரெடிட் ரிப்போர்ட், அதாவது உங்க கடன் வரலாறு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இதை வச்சிருக்கற நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா தரணும். ஸ்கோரை விடுங்க, கீழ இருக்கற அக்கவுண்ட் லிஸ்ட்டை ஒவ்வொரு வரியா பாருங்க. எப்பவோ மூடுனதா நெனச்ச கிரெடிட் கார்டுல வருஷக் கட்டணம் 590 ரூபா நின்னு, அது வட்டியோட வளந்து "ரிட்டன் ஆஃப்"னு (வராக்கடன்னு) கெடக்கும், மச்சானுக்கு ஜாமீன் போட்ட லோனும் உங்க பேர்ல இருக்கும். தப்பா இருந்தா அந்த ரிப்போர்ட் கம்பெனிட்ட டிஸ்ப்யூட் (திருத்தச் சொல்லி மனு) போடுங்க. 30 நாள்ல முடிக்கலேன்னா நாளுக்கு 100 ரூபா உங்களுக்கு வரணும். சரியானதும் புது ரிப்போர்ட்டை வச்சு அதே பிராஞ்ச்ல மறுபரிசீலனை கேளுங்க.

சிபில் ஸ்கோர் 742 போதுமா சார்?

பேங்குக்கு பேங்கு மாறும். இவ்ளோ ஸ்கோர் இருக்கணும்னு ரிசர்வ் பேங்க் எங்கயும் சொல்லல.

இதுவரை லோனே வாங்கினதில்ல, ஸ்கோர் -1 காட்டுது. அதனால தரமாட்டாங்களாம்.

முதல் தடவை வாங்கறவங்களை ஹிஸ்டரி இல்லங்கற ஒரே காரணத்துக்கு தள்ளக்கூடாது. அதையும் எழுத்துல வாங்குங்க.

பட்டா இருக்கு, வில்லங்கம் க்ளீன். ஆனா டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இல்லன்னு பேங்க் வக்கீல் லீகல் ஒப்பீனியன் தரல. அப்பீல் பண்ணலாமா?

பிரயோஜனம் இல்ல. பட்டா நிலம் யாருதுன்னு சொல்லும், மனையை முறையா பிரிச்சாங்களான்னு சொல்லாது. 20.10.2016க்குள்ள பத்திரம் ஆன மனைன்னா அப்ரூவல் இல்லாத மனையை முறைப்படுத்துற வரன்முறை திட்டத்துல வரும், இப்ப மனு வாங்குறாங்களான்னு உள்ளாட்சி ஆபீஸ்ல கேளுங்க.

கோயம்புத்தூர்ல லேத் பட்டறை. 8 லட்சம் கேட்டேன், வீட்டுப் பத்திரம் குடுத்தாதான்னு சொல்லிட்டார்.

சிறு தொழிலுக்கு நீங்க கேட்ட 8 லட்சத்துக்கு சொத்து ஜாமீன் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் கடன் திரும்பலேன்னா பேங்குக்கு ஈடு தர்ற சிஜிடிஎம்எஸ்இ கேரண்டி இருக்கு. உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிஃபிகேட்டை வச்சு எழுதிக் கேளுங்க.

சார், நடக்கறத பேசுங்க. மேனேஜர் வேற காரணம் எழுதி தள்ளிடுவார். நேரா ஆம்புட்ஸ்மேன்ட்ட (ரிசர்வ் பேங்கோட குறைதீர்ப்பு அதிகாரி) போனாதான் லோன் கைக்கு வரும்.

வராது தம்பி. லோன் குடுக்கறதா வேணாமாங்கறது பேங்கோட வியாபார முடிவு, அதுல ஆம்புட்ஸ்மேன் தலையிட மாட்டார். காரணம் எழுதித் தரல, விதியை மீறி ஜாமீன் கேட்டாங்க, மனுவை கெடப்புல போட்டாங்க, இதுக்குத்தான் போகலாம். அதுவும் முதல்ல பேங்க்லயே புகார் குடுத்து 30 நாள் ஆகணும், இல்ல அவங்க பதில் திருப்தியா இருக்கக் கூடாது.

அப்ப புகாரால என்னதான் லாபம்? காலம்தான் வீண்.

நீங்க கவுண்டருக்கு வெளிய நின்னு பாக்குறீங்க, நான் உள்ள இருந்தவன். புகார் போனா ஃபைல் ரீஜனல் ஆபீஸுக்கு போகும், அங்க அதை திறக்கறது வேற ஆள், "ஏன் ஜாமீன் கேட்ட?"னு மேனேஜர்ட்ட விளக்கம் கேப்பாங்க. பட்டறைக்காரர் ஜிஎஸ்டி ரிட்டர்னும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனா பாதி வேலை முடிஞ்சது. ஒத்துப்போகலேன்னா நீங்க சொன்ன மாதிரி காலம்தான் வீண், ஒத்துக்கறேன்.

என்னோடது ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி.

அவங்க மேல புகார் நேஷனல் ஹவுசிங் பேங்க்ல.

15,000 குடுத்தா ஸ்கோர் ஏத்தித் தர்றேங்கறார் ஒருத்தர்.

ஏமாத்து வேலை. டிஸ்ப்யூட் போட காசே கிடையாது.

எனக்கும் ரிஜெக்ட் சார், வேற பேங்க் போகட்டுமா?

மேல முதல் பதில். படிச்சிட்டு கேளுங்கப்பா! அங்கங்க மனு போட்டா ஒவ்வொண்ணும் ரிப்போர்ட்ல என்கொயரியா (பேங்க் உங்க ரிப்போர்ட்டை கேட்ட பதிவா) ஏறும்.

காரணம் கேட்டு லெட்டர்ல என்ன எழுதணும்?

மனு நம்பர், தேதி, கேட்ட தொகை, "நிராகரித்த முக்கிய காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்"னு ஒரு வரி. கதை எழுதாதீங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டு போய், ஒண்ணுல பேங்க் சீலும் தேதியும் போட்டு வாங்கிட்டு வாங்க. சீல் போட மாட்டேன்னா ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க.