சிபிலில் இருக்கும் கெட்ட பதிவை அழிக்க முடியுமா?

கேள்வி: 2022-ல் கிரெடிட் கார்டு பாக்கி 62,000 ரூபாயை, 35,000 கட்டி செட்டில்மென்ட்டில் முடித்தேன். பைக் கடனை முழுசாக அடைத்து என்.ஓ.சி.யும் (கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று) வாங்கிவிட்டேன், ஆனால் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) பாக்கி 1,180 ரூபாய் என்று நிற்கிறது. வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. 15,000 கொடுத்தால் இரண்டையும் அழித்துத் தருவதாக மதுரையில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் நிறுவனமே ஒரு எழுத்தையும் மாற்றாது. நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய புகாரைத்தான் அவர் உங்கள் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாங்கிப் போடுவார்.

பைக் கடன் பதிவு தவறானது, அதைத் திருத்தலாம். இப்படிச் சின்னத் தொகை நிற்பது பெரும்பாலும் என்றோ தவணை திரும்பியதற்கான பவுன்ஸ் சார்ஜாக இருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனியிடம் கடன் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். சிபில் இணையதளத்தில் அந்தக் கணக்கின் மேல் 'டிஸ்ப்யூட்' (பதிவு தவறு என்ற புகார்) போடுங்கள். அன்றைக்கே என்.ஓ.சி. நகலைக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், 'எங்கள் கணக்கு சரி' என்று பழைய கணக்கைப் பார்த்தே பதில் போட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்புறமும் இழுத்தால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போகலாம், அதற்கும் கட்டணம் கிடையாது.

கார்டு விஷயம் வேறு. 'செட்டில்டு' என்பது உண்மைப் பதிவு, டிஸ்ப்யூட் போட்டுப் பயனில்லை. தள்ளுபடியான 27,000-ஐக் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்வதுதான் வழி. எவ்வளவு கட்டினால் மாற்றுவார்கள் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். ஏஜென்ட் கையில் வேண்டாம், கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். செட்டில்மென்ட் கடிதத்தை நோ டியூ சர்டிபிகேட் (பாக்கி ஏதும் இல்லை என்ற சான்று) என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம். இரண்டும் ஒன்றல்ல, நோ டியூவைத் தனியே கேட்டு வாங்குங்கள். தவணை தவறிய பழைய மாதங்கள் அதற்குப் பிறகும் அறிக்கையில் இருக்கும், ஆனால் வீட்டுக் கடன் மேனேஜர் முதலில் பார்ப்பது இந்த 'செட்டில்டு' வார்த்தையைத்தான்.

சிபில் போலவே கடன் வரலாற்றைப் பதியும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். நான்கிலும் ஆண்டுக்கு ஒன்று இலவசம். இரண்டும் திருந்தும்வரை புதிதாக எந்த வங்கியிலும் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும்.