கேள்வி பதில்: பழைய ஸ்டேஷனில் படிப்பகம்

கேள்வி: போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதையில் சும்மா கிடக்கும் பழைய ஸ்டேஷன் கட்டிடத்தை ரயில்வேயிடம் குத்தகைக்கு எடுத்துப் படிப்பகம் ஆக்குகிறோம். 160 வருஷக் கட்டிடம் என்கிறார்கள் ஊரில். சரியா?

பதில்: 1862-இல் ரயில் வந்தது போத்தனூருக்கு. அந்தக் கணக்கை உங்கள் ஊருக்கும் சேர்த்துவிட்டார்கள்! பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) போட்டது 1915-இல், அகலப்பாதையானது 2017-இல். ஆகவே 160 வருஷம் இருக்காது. கூரை ஓட்டின் அடியில் ஓடு செய்த கம்பெனியின் முத்திரை இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஆனால் ஓடு மாற்றியிருப்பார்கள்; அதை மட்டும் நம்பி வயது சொல்ல முடியாது.

கேள்வி: சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. முன்பே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வியாதியே அந்த சிமெண்ட்தான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மண்ணின் ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதன் முகத்தை உடைக்கும்.

முதலில் வெளியே பாருங்கள். பிளாட்பாரம் உயர்த்தியதில் சுவரோரம் மண் மேடாகியிருந்தால், உள்தரைக்கு அரையடி கீழே வரும்வரை எடுத்து, மழைத்தண்ணீர் வெளியே ஓடச் சரிவு கொடுங்கள். பிறகு சிமெண்டை உளி, சுத்தியலால் கொத்தி எடுங்கள். பிரேக்கர் மெஷின் செங்கல்லையும் பெயர்த்துவிடும். கோடை முழுக்கச் சுவரை ஆறவிட்டு, பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்.

பூச்சுக்கு, தண்ணீர் விட்டு நீற்றி இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு 1, சலித்த மணல் 3. ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அடுத்ததற்கு ஒரு வாரமாவது பொறுங்கள். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் கேட்பார் கொத்தனார். கொடுக்கலாம், வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும். ஆடியில் மட்டும் பூசாதீர்கள்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரே நாளில் காயவைத்து மயிரிழை விரிசல் விடும். ஆவணியில் தொடங்கி, ஈரச்சாக்கு கட்டி, ஐப்பசி மழைக்கு முன் முடியுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் மறுபடி அடைபடும், பழைய கதைதான்.

கேள்வி: தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய மரஸ்லீப்பர்களில் பெஞ்சு செய்யலாமா?

பதில்: ஆறடி நீள மீட்டர்கேஜ் ஸ்லீப்பர் பார்க்க அழகுதான். ஆனால் கறையான் அரிக்காமலிருக்க கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய கட்டையாக இருந்தால், வெயில் பட்டதும் கசிந்து துணியில் ஒட்டும், தோலையும் அரிக்கும். இழைத்தாலும் போகாது. பிள்ளைகள் உட்கார வேண்டாம். அறுத்த துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள், புகை விஷம்.