வனுவாட்டு போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தென் பசிபிக்கில், ஃபிஜிக்கு மேற்கே, ஏறத்தாழ 83 தீவுகள் சேர்ந்த நாடு வனுவாட்டு. 1980 ஜூலை 30 வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட நியூ ஹெப்ரைட்ஸ் இதுதான். தலைநகர் போர்ட் விலாவில் சில ஆண்டுகள் வசித்திருக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் ஏதாவது ஒரு தீவுக்குக் கிளம்பிவிடுவேன். போகத் திட்டமிடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, விசா வேண்டுமா? எந்த வழியாகப் போவது நல்லது?

இந்திய, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், திரும்பிப் போகும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். டிக்கெட்டைக் கட்டாயம் கேட்பார்கள்.

சிக்கல் வனுவாட்டில் இல்லை, வழியில்தான் இருக்கிறது. போர்ட் விலாவுக்கு விமானம் பிடிக்கும் ஊர்கள் பிரிஸ்பேன், ஃபிஜியின் நாடி, நியூ கலிடோனியாவின் நூமியா. இந்திய பாஸ்போர்ட்டோடு ஆஸ்திரேலியாவில் விமானம் மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நான் எப்போதும் சொல்வது நாடி வழி. ஃபிஜி இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. ஓர் இரவு தங்கி, குளித்து, தூங்கிவிட்டுப் போகலாம்.

மொத்தம் எட்டு நாள் விடுப்பு. போர்ட் விலா, தன்னா, சாந்தோ, பெந்தெகொஸ்தே நான்கும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. தயவுசெய்து முயலாதீர்கள். எட்டு நாளுக்கு இரண்டு தீவுகள் போதும்: போர்ட் விலா இருக்கும் எஃபாட்டே, அதோடு இன்னொன்று.

காரணம் உள்நாட்டு விமானம். மழை வந்தால் புல்தரை ஓடுதளம் மூடப்படும். விமானத்துக்கு உதிரிப் பாகம் வர வேண்டும் என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டும். சிறிய ட்வின் ஆட்டர் விமானங்களில் பெட்டியோடு சேர்த்து உங்களையும் எடை போடுவார்கள். எடை கூடிவிட்டால் பெட்டி அடுத்த விமானத்தில் வரும். அந்த அடுத்த விமானம் நாளைக்கா, வியாழக்கிழமையா என்பதை யாராலும் சொல்ல முடியாது. தன்னாவில் ஒருமுறை மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். அதனால் பிரிஸ்பேன் விமானமும் கையை விட்டுப் போனது. அதுமுதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வெளித்தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் நாட்டை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் நடுவில் முழுதாக இரண்டு நாள் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளை போர்ட் விலாவில் கழிக்கலாம், வீணாகப் போகாது. மருந்து, மாற்றுத் துணி, சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

மலேகுலா, சாந்தோ பக்கம் கப்பலும் போகிறது. அலை தாங்கும் வயிறு உள்ளவர்களுக்கு நல்ல வழி. ஆனால் கப்பலும் நேரத்துக்குக் கிளம்பும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் அக்டோபர் வரை. புழுக்கம் குறைவு, மாலையில் காற்று இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். 2015 மார்ச்சில் வந்த பாம் சூறாவளி நாட்டையே புரட்டிப் போட்டது. 2023 மார்ச்சில் ஜூடி, கெவின் என்று ஒரே வாரத்தில் இரண்டு வந்தன. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று பிப்ரவரியில் போகாதீர்கள்.

ஒன்பது வயது மகனோடு தன்னாவின் யாசுர் எரிமலைக்குப் போக ஆசை. பாதுகாப்பானதா மேடம்?

யாசுரின் உயரம் 361 மீட்டர்தான், ஆனால் ஓயாமல் பொங்கும் மலை. 1774இல் கேப்டன் குக் இந்தத் தீவுக்கு வந்ததே இதன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான். விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே தரை உறுமும், அப்புறம் சிவப்புக் கற்கள் மேலே எழும்பும். வாழ்க்கையில் நான் பார்த்த எதையும் அதோடு ஒப்பிட மாட்டேன். அதே சமயம், அந்தக் கற்கள் விழுந்து மனிதர்கள் இறந்ததும் உண்டு.

நாட்டின் வானிலை, புவி அபாயத் துறை 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கும். கிளம்பும் வாரத்திலும், மலையேறும் நாளிலும் அதைப் பாருங்கள். நிலை 3 ஆனால் விளிம்புக்கு விடமாட்டார்கள். 2 என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அங்கிருக்கும் வழிகாட்டிதான் முடிவு செய்வார். அவர் "போதும்" என்றால் போதும், பேரம் பேசக் கூடாது. கல் பறந்தால் முதுகைக் காட்டி ஓடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அண்ணாந்து பார்த்து, எங்கே விழுகிறது என்று கவனித்து விலக வேண்டும். இருட்டில், பயத்தில், ஒன்பது வயதுப் பிள்ளை இதைச் செய்வானா? உங்கள் பையனை உங்களுக்குத்தான் தெரியும். நானாக இருந்தால் நிலை 1 ஆக இருந்தால் மட்டும் அழைத்துப் போவேன். இல்லையென்றால் கீழே சாம்பல் சமவெளியில் இருந்து காட்டுவேன். அங்கிருந்தே புகையும் சத்தமும் போதுமான அளவு கிடைக்கும். ஆஸ்துமா இருந்தால் விளிம்பு வேண்டாம், கந்தகப் புகை மூச்சை அடைக்கும்.

விமானம் இறங்குவது தீவின் மேற்கே, எரிமலை கிழக்கே. நடுவில் கரடுமுரடான மலைப்பாதை, நான்கு சக்கர இயக்க வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். அதனால் ஓர் இரவாவது எரிமலைப் பக்கமே தங்குங்கள். காற்றுச்சட்டை, மூடிய காலணி, டார்ச், கண்ணுக்குச் சாம்பல் படாத கண்ணாடி இவை அவசியம். கேமராவை நல்ல துணியில் சுற்றி வையுங்கள்.

கடற்கரையில் கால் வைத்தாலே காசு கேட்கிறார்கள் என்று நண்பர் கோபப்பட்டார். ஏமாற்றா?

இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வனுவாட்டின் அரசியல் சட்டப்படி நிலம் முழுவதும் அதன் மரபுவழி உரிமையாளர்களுக்கே சொந்தம். வெளியாள் குத்தகைக்கு எடுக்கலாம், சொந்தமாக வாங்க முடியாது. ஆகவே அந்தக் கடற்கரை, அந்த அருவி, சாந்தோவின் நீலக் குளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் சில நூறு வாட்டு (அந்நாட்டுப் பணம்) அவர்களுக்குப் போகிறது. காலனி ஆட்சியில் பறிபோன நிலத்தைத் திரும்பப் பெறுவதுதான் விடுதலைக் கோரிக்கையின் மையமாகவே இருந்தது.

எனவே பலகை இல்லாத இடத்தில் பாதையில் யாரையாவது பார்த்தால் நின்று, வணக்கம் சொல்லி, "நடந்து போகலாமா?" என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர்கூட மறுத்ததில்லை. பலர் கூடவே வந்து இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமல் மரத்திலிருந்து ஒரு தேங்காயைப் பறித்தால் அது திருட்டு. ஆளில்லாத தீவு என்று நமக்குத் தோன்றும் தீவிலும் அப்படித்தான்.

பணம் எப்படி? கார்டு செல்லுமா?

நாணயம் வாட்டு. அதற்குக் கீழே பைசா கிடையாது. ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 120 வாட்டு. போர்ட் விலாவிலும் சாந்தோவின் லுகன்வில்லிலும் ஏடிஎம் உண்டு, பெரிய ஓட்டல்களில் கார்டு ஓடும். மற்ற தீவுகளுக்கு முழுத் தேவையையும் பணமாக எடுத்துப் போங்கள், 200, 500, 1000 வாட்டுத் தாள்களாக. கிராமத்தில் 5000 நீட்டினால் மாற்ற ஆள் இருக்காது.

பேரம் பேசும் வழக்கம் இல்லை, டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை. சந்தையில் சொன்ன விலைதான் விலை. அந்தப் பெண்மணி விடியும் முன் கிளம்பி மூட்டையோடு வந்திருப்பார், கேட்டதைக் கொடுங்கள். மலிவான நாடு என்று எண்ணிப் போகாதீர்கள், அரிசியும் சோப்பும் கப்பலில் வருகின்றன. மிச்சமான வாட்டை நாட்டுக்குள்ளேயே மாற்றிவிடுங்கள், வெளியே வாங்குபவர் அரிது.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். சேப்பங்கிழங்கு வகைகள், வள்ளிக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய், தேங்காய்ப்பால், கீரை, பப்பாளி எல்லாம் ஏராளம். போர்ட் விலா சந்தையில் வாழைப்பழச் சீப்பைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். தேசிய உணவான லாப்லாப், கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் சேர்த்து இலையில் சுற்றி, சுட்ட கற்களில் வேக வைப்பது. ஆனால் அதன்மேல் கோழியோ பன்றியோ மீனோ வைப்பது வழக்கம், இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு உங்களுக்குக் கொடுப்பார்கள். எனவே சமைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் பேசும் பிஸ்லாமா மொழியில் "மி நோ காகாய் மிட், மி நோ காகாய் ஃபிஸ்" என்றால் இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று பொருள். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், டின் மீனை இறைச்சி என்று யாரும் நினைப்பதில்லை.

சாம்பார்ப்பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிவிடுங்கள். விதை, பழம், இறைச்சி, பால் பொருட்கள் விஷயத்தில் கண்டிப்பானவர்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பவளப்பாறைப் பகுதியின் பெரிய மீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு இருக்கலாம், சமைத்தாலும் போகாது. 1774இல் மலேகுலா பக்கம் பிடித்த மீனைத் தின்று குக்கின் ஆட்களே படுத்துவிட்டார்கள். அந்தந்த ஊர்க்காரர் எதைச் சாப்பிடுகிறாரோ அதையே சாப்பிடுங்கள்.

காவா குடித்துப் பார்க்கலாமா? பெண்கள் குடிக்கலாமா?

காவா ஒரு மிளகுக் குடும்பச் செடியின் வேர். இடித்துப் பிழிந்த சாறு சேற்றுத் தண்ணீர் நிறத்தில் இருக்கும், நாக்கு மரத்துப் போகும். மது போலக் கூச்சல் போட வைக்காது, ஆளை அமைதியாக்கும். குடிக்கும் இடத்துக்கு நகமால் என்று பெயர். போர்ட் விலாவில் வாசலில் சின்ன விளக்கு எரிந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே பெண்களும் குடிக்கிறார்கள். தன்னாவின் மரபான நகமாலுக்கு மாலையில் பெண்கள் போகவே கூடாது. நான் இரண்டு ஆண்டு அந்தத் தீவுக்குப் போய்வந்தும் அந்தப் பாதையைத் தவிர்த்தே நடந்தேன்.

மாலையில், வெறும் வயிற்றில், ஒரே மூச்சில் ஒரு சிரட்டை. முதல் நாள் அதோடு நிறுத்துங்கள். மதுவோடு சேர்க்காதீர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். உள்ளே மெதுவாகப் பேசுங்கள், யார் முகத்திலும் டார்ச் அடிக்காதீர்கள்.

பெந்தெகொஸ்தே தீவில் மரக் கோபுரத்திலிருந்து காட்டுக் கொடியைக் காலில் கட்டிக் குதிப்பதை எப்போது பார்க்கலாம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில். மழைக்காலம் முடிந்து கொடியில் ஈரமும் இழுவையும் இருக்கும் காலம் அதுதான். 1974இல் பிரிட்டிஷ் அரசி வருகிறார் என்பதற்காகப் பருவம் தப்பி நடத்தினார்கள். கொடி அறுந்து ஒருவர் இறந்துபோனார். ஆகவே "எனக்காக ஆகஸ்டில் ஏற்பாடு செய்வார்களா?" என்று கேட்காதீர்கள்.

மலேரியா, ஆஸ்பத்திரி?

மலேரியா சில தீவுகளில் இருக்கிறது. தன்னா இருக்கும் தஃபேயா மாகாணம் 2017இல் அது ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. சாந்தோ, மலேகுலா போகிறவர்கள் மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேளுங்கள். டெங்குவும் வரும், அதற்குக் கொசுவிரட்டியும் முழுக்கைச் சட்டையும்தான். பவளம் கிழித்த காயத்தை அன்றே கழுவி மருந்து போடுங்கள், இரண்டே நாளில் சீழ் வைக்கும். பெரிய ஆபத்து என்றால் ஆஸ்திரேலியாவுக்கோ வேறிடத்துக்கோ விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும், அதற்கான செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். சாந்தோவில் மூழ்கிக் கிடக்கும் பிரெசிடென்ட் கூலிட்ஜ் கப்பலைப் பார்க்கிறவர்கள் காப்பீட்டில் ஆழ்கடல் முக்குளிப்பும் அடங்குமா என்று பாருங்கள். அந்தக் கப்பலின் பின்பகுதி ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. புதிதாகக் கற்றவர்கள் கரைப்பக்க நுனியோடு திரும்பிவிட வேண்டும்.

நிலநடுக்கம் வந்ததே, இப்போது போகலாமா?

2024 டிசம்பர் 17 அன்று போர்ட் விலாவுக்கு அருகே 7.3 அளவில் வந்தது. நகர மையத்தில் கட்டடங்கள் இடிந்தன. நான் நடந்த தெருக்களைப் படத்தில் பார்த்துத் தாங்க முடியவில்லை. போகலாம், போங்கள், அவர்களுக்கு வருமானம் வேண்டும். கடலோரத்தில் தங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தரை பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினால் சுனாமி எச்சரிக்கைச் சங்கொலிக்குக் காத்திராமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். அறைக்கு வந்த முதல் மாலையே அந்த மேட்டுப் பாதையை நடந்து பார்த்துவிடுங்கள்.

தனியாகப் போகும் பெண் நான். பேச்சு, உடை எப்படி இருக்க வேண்டும்?

பகலில் நான் எங்கும் பயந்ததில்லை. இருட்டிய பிறகு தனியாக நடக்க மாட்டேன். கிராமத்தில் குடும்பத்தோடு தங்குங்கள். முழங்காலை மூடும் பாவாடை, கை வைத்த சட்டை போதும். நீச்சலுடை ரிசார்ட்டுக்குள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள், கடையும் வண்டியும் குறைவு. நீங்களும் போய் உட்காரலாம், பாட்டுக்காகவே போகலாம்.

நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தாலும் பிஸ்லாமா எல்லோருக்கும் பொது. நன்றிக்கு "தாங்கியு துமாஸ்". வயதில் மூத்த பெண்களை "மாமா" என்று அழையுங்கள், அங்கே அதற்கு அம்மா என்று பொருள். முதல் வாரம் எனக்கு வாய் வரவில்லை, அப்புறம் பழகிவிட்டது.

பிளக், சிம், பஸ்?

ஆஸ்திரேலிய வகை பிளக். போர்ட் விலாவில் சிம் கிடைக்கும், வெளித்தீவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். எண் பலகை B என்று தொடங்கும் வேன் தான் பஸ், T என்றால் டாக்சி. பஸ்ஸுக்கு வழித்தடம் கிடையாது. இடத்தைச் சொல்லுங்கள், ஏற்றியவர்களை இறக்கும் ஒழுங்கில் உங்களையும் விடுவார்.

கிராமத்து வீட்டில் தங்குகிறோம். என்ன வாங்கிப் போகலாம்?

அரிசி, சர்க்கரை, சோப்பு, நோட்டுப் புத்தகம், சூரிய ஒளி விளக்கு. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், 2018இலேயே தடை செய்துவிட்டார்கள். துணிப்பை அல்லது சந்தையில் விற்கும் ஓலைக்கூடை நல்லது. தெருவில் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள். எல்லாவற்றையும் வீட்டுத் தலைவியிடம் கொடுங்கள். பள்ளிக்கு என்று கொண்டுபோவதை ஊர்த் தலைவரிடம் கொடுங்கள், அவர் பகிர்ந்து தருவார்.