படிவத்தில் நாமினி பெயர் எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது. மூன்று வாரங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். மறுபரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவக் கல்லூரி மருத்துவர் ஒருவர், ‘கோல்ச்சிசின்’ என்ற மாத்திரையைப் பற்றிய ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார். அதில் ‘ஸ்பான்சர்’ என்ற இடத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. தந்தையின் ஆண்டு வருமானத்தையும் நாமினி பெயரையும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பயிராகும் கண்வலி விதையிலிருந்து எடுப்பதுதான் அந்த மருந்து என்கிறான் என் தம்பி. அது விஷமல்லவா? மருந்து கம்பெனி இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் எதற்காக இதைச் செய்கிறது? சேரலாமா?
– வாசகி, தாராபுரம்.

மருத்துவர் பதில்:

நாமினி என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களுக்கு வந்த அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். இத்தகைய படிவத்தோடு என்னிடம் வருகிறவர்களில் பலர், மருந்தின் பெயரைப் படிப்பதற்கு முன்பே அந்த வரியில் நின்றுவிடுகிறார்கள். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளில் இணைக்கப்பட்டுள்ள மாதிரி ஒப்புதல் படிவத்திலேயே தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், உறவுமுறை ஆகிய விவரங்கள் கேட்கப்படுகின்றன. ஆய்வின் காரணமாக உயிரிழப்பு நேருமானால் இழப்பீட்டுத் தொகை யாரிடம் சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதற்கான ஏற்பாடு அது. அந்த வரி இல்லாத படிவம் ஒன்று என் கைக்கு வந்தால்தான் நான் அஞ்சுவேன்.

அடுத்தது ‘ஸ்பான்சர்’. கிரிக்கெட் பந்தயத்திலும் கோயில் திருவிழா நோட்டீசிலும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பழகிய நமக்கு, பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்பவர் என்ற பொருள்தான் மனத்தில் நிற்கிறது. மருந்து ஆய்வில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஆய்வைத் தொடங்குவது, முறைப்படி நடத்துவது, தவறு நேர்ந்தால் பதில் சொல்வது ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளும் அமைப்பே ஸ்பான்சர். பணம் வேறு இடத்திலிருந்து வரலாம். 2020-இல் கோவிட் நோயாளிகளிடையே பிரிட்டனில் நடந்த ‘ரிகவரி’ ஆய்வுக்கு ஸ்பான்சர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். முதன்மையான பணம் வந்தது அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி அமைப்புகளிடமிருந்து. டெக்ஸாமெத்தசோன் என்ற விலை மலிவான பழைய ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்கள் அறிவித்ததும், உலகெங்கும் சிகிச்சை முறையே மாறியது. ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே ஆய்வுதான் கண்டுபிடித்துச் சொன்னது.

பல்கலைக்கழகம் ஏன் செய்கிறது என்ற உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இதிலேயே இருக்கிறது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன, பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கும் ஒரு மாத்திரைக்குப் புதிய பயன் உண்டா என்று கண்டுபிடிக்கப் பெருந்தொகை செலவிட எந்தக் கம்பெனிக்கும் அவசரம் இருப்பதில்லை. கோல்ச்சிசின் அப்படிப்பட்ட மருந்துதான். யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரல் வீங்கிச் சிவக்கும் ‘கவுட்’ நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறோம். இதயக் குழாய்களில் கொழுப்புப் படிந்த இடங்களில் நிகழும் அழற்சியையும் இது தணிக்கக்கூடும் என்பதால், மாரடைப்பு வந்தவர்களுக்கு உதவுமா என்று ஆராய்கிறார்கள்.

உங்கள் தம்பி சொல்வது சரி. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் பந்தல் போட்டு வளர்க்கும் கண்வலிக் கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், கோல்ச்சிசினைத் தரும் செடிதான். அதன் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். விஷம் என்பதும் சரி: அந்தக் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு, விதையையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஆனால் இதய ஆய்வுகளில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவு. ஒரு மில்லிகிராமில் பாதி. அந்த அளவில் அதிகம் பார்க்கும் தொல்லை வயிற்றுப்போக்கு. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால், உங்கள் தந்தையின் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. ஆய்வில் இருக்கும்போது சளி, காய்ச்சல் என்று வேறு மருத்துவரிடம் சென்றால் படிவத்தைக் காட்ட வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கைக் கோல்ச்சிசினோடு சேர்த்து எடுப்பது ஆபத்து. கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரையும் அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்பதால், தசைவலியோ தளர்ச்சியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

மருந்து உண்மையில் உதவுமா என்றால், இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன. கனடாவின் மாண்ட்ரியல் இதய நிறுவனம் நடத்தி 2019-இல் வெளியான ‘கோல்காட்’ ஆய்வில், அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேர் சேர்ந்தனர். மாரடைப்பு, பக்கவாதம் முதலிய மோசமான விளைவுகள் கோல்ச்சிசின் எடுத்தவர்களில் 5.5 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. அதே கனடாவில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆராய்ச்சி நிறுவனம் 14 நாடுகளில் 7,062 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த எண்கள் 9.1, 9.3. அதாவது வேறுபாடு இல்லை. எனவே உங்கள் தந்தையைப் பார்க்கும் மருத்துவர் ‘எங்களுக்கே தெரியவில்லை’ என்று சொன்னால், அது அவருடைய அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள்.

தெரியாததால்தான் குலுக்கல். யாருக்குக் கோல்ச்சிசின், யாருக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை என்பதைக் கணினி சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும். பல ஆய்வுகளில் மாத்திரை தருகிற மருத்துவருக்கும் அது தெரியாது. வெற்று மாத்திரை விழுந்தாலும், ஆஸ்பிரின் உள்ளிட்ட வழக்கமான மருந்துகள் முழுவதுமாகத் தொடரும். அப்படித் தொடரும் என்ற வாசகம் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் சற்றுக் கடுமையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது எத்தனை பேர் என்பது. 1988-இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஒருங்கிணைத்தனர். 17,187 மாரடைப்பு நோயாளிகள் சேர்ந்த அந்த ஆய்வில்தான், நெஞ்சுவலி வந்தவுடன் நாம் இன்று கொடுக்கும் ஆஸ்பிரின், இதய–ரத்தக்குழாய் இறப்புகளை 23 சதவீதம் குறைக்கும் என்று உறுதியானது. நோயாளிகளைச் சிறு சிறு பிரிவுகளாகவும் பிரித்து முடிவு சொல்லுங்கள் என்று இதழாசிரியர்கள் கேட்டபோது, ஆய்வாளர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மேல்நாட்டுக் கணக்குப்படி மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் சற்றுத் தீமை செய்வதுபோல் எண்கள் வந்தன! ஜோதிடத்தை நிரூபிக்க அவர்கள் அதைச் செய்யவில்லை. கூட்டத்தைச் சிறிதாக நறுக்கினால் தற்செயல்கூட உண்மைபோல வேடமிட்டு வரும் என்று காட்டவே செய்தார்கள்.

நம் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகளில் கணிசமானவை முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டுக்காகச் செய்யப்படுபவை. நானும் அப்படி ஒன்று எழுதித்தான் பட்டம் பெற்றேன். படிப்பு முடியும் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதால் அவற்றில் அறுபது, எண்பது பேர் மட்டுமே இருப்பார்கள். ஏழாயிரம் பேரிடம் தென்படாத பயனை எண்பது பேரிடம் கண்டுபிடிக்க இயலாது; ரத்தத்தில் சி.ஆர்.பி. போன்ற அழற்சி அளவு எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் வேண்டுமானால் அளக்கலாம். அதுவும் பயனுள்ள வேலைதான், ஆனால் அதில் சேருவதால் தந்தைக்கு நன்மை கிடைக்கும் என்று எண்ணிச் சேரக் கூடாது. மொத்தம் எத்தனை பேர், முந்தைய இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு இந்த ஆய்வு புதிதாக எதைக் கேட்கிறது என்ற இரண்டையும் முதன்மை ஆய்வாளரிடமே கேளுங்கள். நல்ல ஆய்வாளர் முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொன்றும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கோ புதிய அளவிலோ கல்வி, ஆராய்ச்சி நோக்கத்துக்காக மட்டும் பரிசோதிக்கும்போது, நம் விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவையில்லை. நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் போதும். ஒரு வாசல் குறைகிறது. அதனால் மீதியுள்ள வாசலின் காவல் எப்படி என்று பார்ப்பது அவசியம். குறைந்தது ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவர் ஒருவரும், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும், ஒரு பெண்ணும் இடம்பெற வேண்டும். குழுவின் தொடர்பு எண் படிவத்தில் இருக்கும். ஆய்வாளரைத் தவிர்த்துவிட்டு அங்கே நேரடியாகப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அந்த நிறுவனமே பொறுப்பு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின் நிலைப்பாடு; ஆனாலும் அதற்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, தனி நிதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் ரத்தப் பரிசோதனைக்கும் எக்கோவுக்கும் யார் பணம் கட்டுவார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண் ஒன்று இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் ஆய்வின் விவரங்களை யாரும் பார்க்கலாம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. ‘பிறகு வாங்கிக்கொள்வோம்’ என்று சொன்னால் கையெழுத்திட வேண்டாம்.

உங்கள் தந்தைக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்து, மேற்சொன்னவற்றுக்குத் தெளிவான பதில்கள் கிடைத்தால், சேருவதில் எனக்கு மறுப்பில்லை. சேராவிட்டாலும் அவருடைய சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. நடுவில் விலகிக்கொள்வதற்கும் இது பொருந்தும். அவர் தெளிவாக இருக்கும்வரை கையெழுத்து அவருடையது. நீங்களோ தம்பியோ அவருக்காக இட முடியாது. படிவத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி அவருக்குப் படித்துக் காட்டுங்கள். புரியாத வரிகளுக்குக் கீழே கோடிட்டு, அடுத்த முறை செல்லும்போது கையோடு கொண்டு போங்கள். கையெழுத்திட்டால் அதன் நகல் ஒன்றை வாங்காமல் வர வேண்டாம். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஸ்டென்ட் வைத்தபோது எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றைக்கூட அவராக நிறுத்தக் கூடாது.