இறக்குமதியால் ஆலை மூடினால் அமெரிக்காவில் தொழிலாளிக்கு அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி கேட்டவரின் அண்ணன் ஒஹையோவில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறார். அதே பாகம் மெக்சிகோவிலிருந்து மலிவாக வருவதால் ஆலையை மூடப்போகிறார்களாம். இப்படி வேலை போகிறவர்களுக்கென்றே ஓர் அரசு உதவி உண்டாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறார்.

இருந்தது. 2022 ஜூலை 1 முதல் புதிதாக எந்த ஆலையையும் அதில் சேர்ப்பதில்லை. அந்தத் திட்டத்தில் படித்துக் கரையேறியவள் நான். அதனால் இந்த வரியை எழுதவே வருத்தமாக இருக்கிறது.

பெயர் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டிஏஏ. 1962-இல் கென்னடி காலத்துச் சட்டத்தில் வந்தது. இறக்குமதியைத் தாராளமாக விட்டால் நாட்டுக்கு மொத்தத்தில் லாபம், ஆனால் நஷ்டம் சில ஊர்களின் தலையில் மட்டும் விழுகிறது. கதவைத் திறந்தது அரசு, எனவே அந்த நஷ்டத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. இதுதான் அதன் அடிப்படை. எனக்கு இன்றைக்கும் இது நியாயமாகவே படுகிறது. ஆரம்பத்தில் நிபந்தனைகள் அவ்வளவு கடுமை, 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூடக் கிடைக்கவில்லை. 1974 சட்டம் வந்த பிறகுதான் பரவலாகக் கிடைத்தது.

எனக்குச் சொந்த ஊர் கரூர். கல்யாணமாகி வட கரோலினா வந்தபோது கையில் டெக்ஸ்டைல் டிப்ளமா இருந்தது. சோபாத் துணி நெய்யும் ஆலையில் தரப் பரிசோதனை வேலை கிடைத்தது. நாங்கள் நெய்த துணியை வெளிச்சப் பலகையில் ஓடவிட்டு, இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் குறித்து வைப்பேன். 2015 கடைசியில் ஒருநாள் என் மேசைக்குச் சீனாவிலிருந்து வந்த துணி உருளைகள் வந்தன. எங்கள் டிசைன்தான், எங்கள் நிறம்தான். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பரிசோதித்து, எங்கள் லேபிளையே ஒட்டி அனுப்பச் சொன்னார்கள். அடுத்த வசந்தத்தில் தறிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

டிஏஏ பற்றி நிர்வாகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவர் 58 வயதுத் தறி மெக்கானிக் ஒருவர். 2003 ஜூலை 30 அன்று இதே வட கரோலினாவின் கன்னாபொலிஸ் ஊரில் பில்லோடெக்ஸ் துணி ஆலைகள் மூடியபோது அந்த மாநிலத்தில் மட்டும் 4,000 பேருக்கு மேல் வேலை போனது. அதில் அவருடைய மைத்துனரும் ஒருவர். அந்த வீட்டில் பார்த்ததை வைத்துத்தான், "மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போதும், மனு கொடுக்கலாம்" என்றார். அவர், நான், துணி மடிக்கும் பிரிவில் இருந்த ஒரு பெண், மூவரும் பார்க்கிங்கில் அவருடைய டிரக்கின் பானட்டில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டோம். "இறக்குமதிதான் காரணம் என்று ஏன் நினைக்கிறீர்கள்" என்ற இடத்தில் அந்த உருளைகளைப் பற்றி எழுதினேன். மத்தியத் தொழிலாளர் துறை ஆலையிடமும் அதன் வாடிக்கையாளர்களிடமும் விசாரித்தது. இறக்குமதிதான் காரணம் என்று அந்தத் துறையின் சான்று வந்ததும் மூன்று பேருக்கு மட்டுமில்லை, வேலை இழந்த அத்தனை பேருக்கும் உரிமை கிடைத்தது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

வட கரோலினாவில் வேலையின்மைப் படி அப்போது வாரத்துக்கு அதிகபட்சம் 350 டாலர், அதுவும் சுமார் 12 வாரம்தான். டிஏஏ-வில் பயிற்சியில் சேர்ந்தால் அதே தொகை தொடர்ந்து வரும், எல்லாம் சேர்த்து 130 வாரம் வரை. கல்லூரிக் கட்டணம், புத்தகம் அவர்கள் செலவு. நான் சமுதாயக் கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் படிப்பு முடித்தேன். இன்றும் ஆஸ்பத்திரி லேபில்தான் இருக்கிறேன். இழை எண்ணிய கண் இப்போது ரத்த அணுக்களை எண்ணுகிறது.

மெக்கானிக் படிக்கப் போகவில்லை. ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார், சம்பளம் குறைவு. 50 வயது தாண்டியவர்களுக்குப் பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, இரண்டு வருடத்தில் 10,000 டாலர் வரை அரசு கொடுக்கும். அது அவருக்குக் கிடைத்தது.

துணி மடித்த பெண்ணுக்குத்தான் ஒன்றும் சரியாக அமையவில்லை. பள்ளிப் படிப்பே முடிக்காதவர். முதலில் அதை முடிக்கவும் திட்டத்தில் இடம் இருந்தது, சேர்ந்தும் விட்டார். ஆனால் இரண்டு பிள்ளைகள், வாடகை. வாரம் 300 டாலர்கூட வராத படியில் எத்தனை மாதம் ஓட்ட முடியும்? நான்காவது மாதம் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். குறித்த நாளுக்குள் பயிற்சியில் சேர்ந்தாக வேண்டும் என்ற கெடு, பயிற்சிக் காலத்துக்குப் போதாத பணம், இவைதான் திட்டத்தின் பெரிய குறை என்பேன்.

அப்புறம், அது எப்போதுமே சிறிய திட்டம். ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் தொழிலாளி ஒருவருக்குச் சீன இறக்குமதி 1,000 டாலர் கூடும்போது, அங்கே அரசு தரும் உதவித்தொகைகள் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 58 டாலர் கூடுகின்றன. அதில் டிஏஏ-வின் பங்கு 23 சென்ட்.

என் சித்தப்பா கரூரில் ஏற்றுமதிக்கு மேசை விரிப்பு நெய்கிறார். அவர் தறி ஓட வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே தறி நின்றவருக்கும் ஒரு வழி வேண்டும் என்கிறேன்.

சரி, உங்கள் அண்ணன் விஷயம். அவர் கிரீன் கார்டா ஹெச்1பியா என்று நீங்கள் சொல்லவில்லை. ஹெச்1பி என்றால் வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், உடனே வக்கீலைப் பார்க்கட்டும். கிரீன் கார்டு என்றால் வேலை போன முதல் வாரமே வேலையின்மைப் படிக்கு விண்ணப்பிக்கட்டும். 100 பேருக்கு மேல் உள்ள ஆலை பொதுவாக 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அமெரிக்கன் ஜாப் சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு உதவி மையத்துக்குப் போய், வேலை இழந்தவர்களுக்கான 'டிஸ்லொகேட்டட் வொர்க்கர்' நிதியில் பயிற்சிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கட்டும். டிஏஏ அளவுக்கு இருக்காது, வாராந்தரப் படி நீளாது. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும். தனியாகப் போகாமல் கூட வேலை பார்ப்பவர்களையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.